நான்குக்கு நான்கு கட்டத்தில் எத்தனை நெசவு? சென்னிமலை அப்புச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அப்புச்சிக்கு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது, போர்வைக்கு டிசைன் போடும் கிராஃப் தாளில் நீளவாக்கில் நான்கு பாவு இழையும் குறுக்கே நான்கு ஊடை இழையும் கொண்ட சதுரத்தைக் காட்டி, இதில் எத்தனை விதமாக நெய்யலாம் என்று கேட்டீர்கள். பாவு மேலே வந்தால் கட்டம் கறுப்பு, ஊடை மேலே வந்தால் வெள்ளை. ஆகவே பதினாறு கட்டங்களுக்கு 65,536 என்று உடனே சொல்லிவிட்டேன். ஒரு வரிசை முழுக்க ஒரே நிறமானால் அந்த இழை எதிலும் பின்னாமல் தொங்குமே, அதுவும் நெசவா கண்ணு என்றீர்கள். அன்று என்னிடம் பதிலில்லை.

இப்போது எண்ணிவிட்டேன். ஒரே நிறமான ஊடை வரிசைகளை முதலில் விலக்கினால், வரிசைக்கு 14 வழியாக 38,416 கட்டமைப்புகள் மிஞ்சும். அவற்றில் ஒரு பாவாவது ஒரே நிறமாக நிற்பவற்றைக் கழிக்கும்போது, இரண்டு பாவு அப்படி நிற்பவை இருமுறை கழிந்துபோவதால் அவற்றைத் திரும்பக் கூட்ட வேண்டும்; மூன்றுக்குக் கழித்து, நான்குக்குக் கூட்ட வேண்டும்: 38,416 − 19,208 + 4,044 − 392 + 14 = 22,874. மூன்றுக்கு மூன்றில் இது 102. இரண்டுக்கு இரண்டில் வெறும் 2, இரண்டுமே ஒன்று மேல், ஒன்று கீழ் என்று மாறிமாறி வரும் சாதா நெசவு.

ஆனால் உங்கள் விதி மட்டும் போதாது, அப்புச்சி. முதல் வரிசையில் 1ஆம் கட்டம், இரண்டாவதில் 2ஆம் கட்டம், மூன்றாவதில் 1, 2, 3, நான்காவதில் 1, 2, 4 ஆகியவற்றைக் கறுப்பாக்கிப் பாருங்கள். எந்த இழையும் பின்னாமல் இல்லை. ஆனாலும் துணி இரண்டாகப் பிரிந்துவிடும். முதல் இரண்டு பாவும் முதல் இரண்டு ஊடையும் தங்களுக்குள் பின்னிக்கொண்டு, மற்ற நான்கு இழைகளின் மேல் சும்மா படுத்திருக்கின்றன. மேலடுக்குக்கு இரண்டு பாவை 6 வழியிலும் இரண்டு ஊடையை 6 வழியிலும் தேரலாம்; ஒவ்வோர் அடுக்கையும் 2 விதமாக நெய்யலாம்; ஆக 144. அவற்றையும் நீக்கினால் உண்மையான விடை 22,730.

ஒரு டிசைன் இப்படிப் பிரியுமா என்பதை, ஒவ்வோர் இழையிலும் உள்ள கறுப்புக் கட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டே கண்டுபிடிக்கலாம் என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. துணி எப்போது ஒன்றாக நிற்கும் என்ற இதே கேள்வியை கிளாபம் என்ற கணிதர் 1980இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

மேலே சொன்ன டிசைனில் மேலடுக்கு இழைகளைச் சிவப்பிலும் மற்றவற்றை நீலத்திலும் ஏற்றி, ஒரு சாண் மட்டும் நெய்து வையுங்கள். மேலே முழுச் சிவப்பும் அடியில் முழு நீலமுமாக வரும். அதை நான் வந்து என் கையால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பேத்தி