சுட்டது யார் கை?

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்ததால் பதில் எழுதத் தள்ளிப்போனது. இப்போது நன்றாக இருக்கிறார். சொட்டு மருந்து விட மட்டும் ஒவ்வொரு வேளையும் ஒரு சண்டை. சின்னவளைப் பக்கத்துப் பள்ளிக்கே மாற்றிவிட்டோம், அதனால் காலையில் எனக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' வீடியோ கேமை வைத்து எடுத்த டிவி தொடரைப் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு சீசனும் பார்த்துவிட்டேன். முதல் சீசனை உங்கள் ஆல்பர்ட்டாவில்தானே எடுத்தார்கள்? எட்மன்டன் சட்டமன்றக் கட்டடத்தை பாஸ்டனில் இருப்பதாகக் காட்டும்போது நீ சிரித்திருப்பாய்.

ஒரு கேமைத் தொடராக்கினால் ஆடியவனுக்குப் பிடிக்காது என்பது நாம் பலமுறை பார்த்த கதை. இது அப்படி ஆகவில்லை. 2013-இல் வந்த கேமின் கதையை எழுதிய நீல் டிரக்மேனே, 'செர்னோபில்' எடுத்த கிரெய்க் மேஸினோடு சேர்ந்து இதைச் செய்தது ஒரு காரணம். ஆனாலும் தொடர் எங்கே கேமை விட்டு விலகுகிறதோ அங்கேதான் எனக்கு அதிகம் பிடித்தது. பூஞ்சை நோயால் அழிந்த உலகில் எல்லி என்ற சிறுமியை அழைத்துப்போகும் ஜோலாகத்தான் கேமில் நாம் ஆடுகிறோம், காமிரா பெரும்பாலும் அவன் முதுகுக்குப் பின்னாலேயே போகும். அவன் பார்க்காததை நாமும் பார்க்க முடியாது. அதனால் வழியில் சந்திக்கும் பில் நமக்கு ஒரு சிடுமூஞ்சி. அவனுடைய துணைவன் பிராங்க் தூக்கில் தொங்கும் பிணமாகத்தான் அறிமுகமாகிறான், பக்கத்தில் பில்லை வெறுத்து எழுதிய கடிதம் வேறு. தொடரின் மூன்றாம் எபிசோட் ஜோலை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, அந்த இருவரும் வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தியதைக் காட்டுகிறது. உலகம் அழிந்த பிறகு ஒருவன் ஸ்ட்ராபெரி விதை வாங்கி நட்டு, பழம் பழுத்ததும் இன்னொருவன் குழந்தை மாதிரி சிரிக்கிறானே, அந்த இடத்தில் நான் அழுதேன். வீட்டில் சொல்லாதே.

காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகளை முதல் சீசனில் எடுத்துவிட்டார்கள் என்று கேம் ஆடியவர்கள் சிலர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபமில்லை. கேமில் முகமூடி போட்டுக்கொண்டு நடந்தால் ஒன்றும் குறையாது. ஜோலாக நடிக்கும் பெட்ரோ பாஸ்கலின் முகத்தை மூடிவிட்டு நாடகம் எப்படி எடுப்பது? அதற்குப் பதிலாக மண்ணுக்கடியில் ஓடும் பூஞ்சை இழைகளைக் கொண்டுவந்தார்கள். இங்கே ஒன்றை மிதித்தால் எங்கோ கிடக்கும் நோய் தொற்றியவர்களின் கூட்டம் எழுந்து ஓடிவரும். அது இன்னும் பயமாக இருந்தது.

என் மனக்குறை வேறு. அந்த ஆஸ்பத்திரி.

நீ கேம் ஆடாததால் சொல்கிறேன். சால்ட் லேக் சிட்டியில் நோய் தொற்றாத எல்லியின் மூளையை அறுத்து மருந்து கண்டுபிடிக்கத் தயாராக நிற்கும் டாக்டர், கையில் கத்தியோடு நம் எதிரே வருகிறார். ஆடும்போது நான் அறைக்குள் அப்படியே நின்றுவிட்டேன். சுற்றிவந்து தூக்கிக்கொண்டு ஓட முடியுமா என்று பார்த்தேன். முடியாது, அவரைக் கொல்லாமல் கதை நகராது. கடைசியில் பட்டனை அழுத்தியது என் விரல். ஜோல் செய்தது சரியா தப்பா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தடுமாறுவது அதனால்தான், நானும் கூட்டாளி. தொடரில் அதே காட்சியைச் சத்தத்தை அடக்கி, பாஸ்கலின் செத்துப்போன கண்களை வைத்து அருமையாகத்தான் எடுத்திருந்தார்கள். ஆனால் நான் சோபாவில் உட்கார்ந்து 'அடப்பாவி' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தீர்ப்பு சொல்வது சுலபமாக இருந்தது.

இரண்டாம் சீசனில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. 2020-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோலைக் கொன்ற ஆபி என்ற பெண்ணை எல்லியாக இருந்து துரத்துகிறோம். பாதிக்கு மேல் வந்ததும் கேம் நம்மையே ஆபியாக்கி, சியாட்டிலின் அதே மூன்று நாட்களைத் திரும்ப நடக்க வைக்கும். அவள் அந்த டாக்டரின் மகள் என்று அப்போதுதான் புரியும். எனக்குக் கன்ட்ரோலரைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்காகவும் பயப்பட ஆரம்பித்தேன். தொடரில் அவளுடைய கோபத்தின் காரணத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். சீசனுக்கும் சீசனுக்கும் இரண்டு வருஷ இடைவெளி இருக்கும்போது வேறென்ன செய்வார்கள்? நியாயம்தான். ஆனால் வெறுப்பை நம் கையாலேயே வளர்க்கவைத்து நம் கையாலேயே கரைக்கவைத்த அந்த வித்தை போய்விட்டது. ஏழே எபிசோடில் அவசரமும் தெரிந்தது.

அப்புறம், இதே மாதிரி கேமிலிருந்து வந்த 'ஃபால்அவுட்' தொடரையும் பார். அதில் இந்தத் தொல்லையே இல்லை. அந்தக் கேமில் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு நாயகனை உருவாக்கிக்கொள்வதால், தொடர் யாருடைய கதையையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மக்கள் ஒளிந்து வாழும் நிலத்தடி வால்ட்டையும் அணுகுண்டு விழுந்த பாலைவனத்தையும் கறுப்பு நகைச்சுவையையும் மட்டும் எடுத்துக்கொண்டு 2296-இல் புதுக் கதை சொல்கிறார்கள். மூக்கில்லாத முகத்தோடு வால்டன் காகின்ஸ் வரும் காட்சிகளுக்காகவே பார்க்கலாம்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறாய் அல்லவா? என் கன்சோல் இன்னும் ஓடுகிறது. அந்த ஆஸ்பத்திரி அத்தியாயத்தை நீயே ஆடு, நான் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை பேசமாட்டேன். டிக்கெட் போட்டதும் தேதி எழுது, அப்பாவுக்கும் உன்னைப் பார்க்க ஆசை. தங்கச்சியையும் பையனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்