பாபநாசம் ஆலையின் பழைய கட்டடங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

மரபுக் கட்டடங்களைக் காக்கும் பொறுப்பிலுள்ள அலுவலர்களுக்கு, வணக்கம்.

மில் சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டே அடுப்பு மூட்டிய விக்கிரமசிங்கபுரத்துக் குடும்பம் எங்களுடையது. 1880களில் பிரிட்டிஷ் வணிகர்களான ஹார்வி சகோதரர்கள் தங்கள் நூற்பாலைக்குப் பாபநாசத்தைத் தேர்ந்தெடுத்தது, மலையிலிருந்து விழும் தாமிரபரணியின் விசையைக் கொண்டே நூற்புக் கதிர்களைச் சுழற்றிவிடலாம் என்பதற்காகத்தான் என்பது தாங்கள் அறியாததன்று. ஆலையின் பழைய கட்டடம் எதையும் இடிப்பதற்கோ மாற்றுவதற்கோ முன், அதை முறையாக ஆவணப்படுத்த வேண்டும்; ஒன்றையேனும் மக்கள் பார்வைக்குத் திறக்க வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவே.

இதை மனுவாக எழுதிக்கொண்டு, சென்ற மாதம் என் தந்தையாருடன் ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். ஸ்பின்னிங் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். வேட்டி மடிப்பிலிருந்து, ஆலையில் தமக்குத் தந்த எண் பொறித்த பித்தளை டோக்கனை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிலுள்ள எண் தேய்ந்துபோய், விரலால் தடவினால்தான் பிடிபடும். எதிரே இருந்தவர் அதைத் தொடக்கூட இல்லை. "பழைய சுவரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், பெரியவரே?" என்று மட்டும் கேட்டார். இயந்திர இரைச்சலில் செவி மங்கிய அப்பா, "என்ன சொல்றாங்க?" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். பேருந்தில் வரும்போதும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அந்தச் சுவரை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு இங்கிலாந்தின் டெர்வெண்ட் ஆற்றங்கரையில் விடை இருக்கிறது. 1771இல் ஆர்க்ரைட் என்ற தொழில் முனைவர் நீர்விசையால் நூல் நூற்க நிறுவிய குரோம்ஃபோர்டு ஆலையும் அதைச் சூழ்ந்த பள்ளத்தாக்கும் 2001 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். அந்த வளாகத்தில் இன்று கடைகளும் காட்சிக்கூடமும் நடக்கின்றன. நம் கதை அதற்குக் குறைந்ததா? இதே ஹார்வி நிறுவனத்தின் தூத்துக்குடி கோரல் ஆலையில்தான் 1908இல் வ.உ.சி. முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் வென்றது. கோயில் கல்வெட்டைப் படியெடுக்கும் நாம், உழைத்தவர்களின் வருகைப் பதிவேட்டைப் பழைய தாள்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். மரபுக் கட்டடங்களைக் காப்பதற்கான தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இலேயே இயற்றப்பட்டுவிட்டது. தொழிற்கூடம் மரபாகாது என்று எவர் முடிவு செய்தார்?

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். இடிப்பதற்கு முன் ஆவணப்படுத்துங்கள், ஒரு கட்டடத்தையேனும் திறந்து வையுங்கள் என்றே மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன். நேரில் பார்வையிட ஒரு நாளைக் குறித்துத் தெரிவித்தால், எந்த இடத்தில் எந்த இயந்திரம் நின்றது என்று காட்டுவதற்கு அப்பாவை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆலைத் தொழிலாளியின் மகன்