வஸ்கானா ஓடைச் சுவரோவியத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கனடாவின் ரெஜைனா நகரில் உள்ள நம் மண்டபச் சுவரில், நகர் வழியே ஓடும் வஸ்கானா ஓடையை வரையும் திருப்பணி முடிந்தது. பூச்சு, விளக்கு, மின்கம்பி வேலைகளில் குறையில்லை. "ஒரு படத்துக்கு இவ்வளவு செலவா?" என்று பொதுக்கூட்டத்தில் கேட்டவர்களுக்காகத்தான் மற்றதை எழுதுகிறேன்.

ஓவியர் தென்கிழக்கிலிருந்து வடமேற்கே நேராக ஒரு நீலக்கோடு இழுத்து, நடுவில் ரெஜைனாவுக்குப் புள்ளி வைத்து, வேலை முடிந்தது என்றார். ஓடை அப்படியா போகிறது? இந்த ஊர் இருப்பதே பனியுகத்து ஏரி ஒன்றின் அடிமண்ணில். களிமண் தரை, சரிவு மிகக் குறைவு. தண்ணீர் நெளிந்து நெளிந்துதான் நகரும். பனி உருகும்போது கரை தாண்டும். கோடை முற்றினால், ஓடை நகருக்குள் நுழையும் முன் நாணலும் சேறும்தான். நகரைத் தாண்டி ஓடுவதில் சுத்திகரித்த கழிவுநீருக்கும் பங்கு உண்டு. அதை வேறு நிறத்தில் காட்டச் சொன்னோம். அழகாக இருக்காது என்றார். சரி, அழகாக இல்லைதான்.

வளைவுகளுக்குத் தனிக் கூலி கேட்டார். ஒப்பந்தத்தில் 'ஓடை' என்று மட்டும் எழுதியது செயலாளரான என் பிழை. மூன்று வாரம் தூரிகை சுவரைத் தொடவில்லை. அப்புறம் நகருக்குள் இருக்கும் வஸ்கானா ஏரி. அது இந்த ஓடையை அணை கட்டித் தேக்கியது. 2004 குளிர்காலத்தில் தண்ணீரை வடித்துவிட்டு, இரவும் பகலும் லாரி ஓட்டி, சுமார் 13 லட்சம் கன மீட்டர் மண்ணைத் தூர்வாரினார்கள். ஓவியரோ அதை மலைச்சுனை மாதிரி வரைந்திருந்தார். அழித்து எழுத வேண்டியதாயிற்று.

மதிப்பீட்டைத் தாண்டுவது இந்த ஓடைக்குப் புதிதில்லை. 1930இல் இதன் குறுக்கே கட்டி முடிந்த ஆல்பர்ட் தெருப் பாலத்தை, அன்றைய அமைச்சர் பெயரைச் சேர்த்து 'பிரையண்டின் மடத்தனம்' என்றே ஊர் கேலி செய்தது. எங்களை இன்னும் அந்த அளவுக்கு யாரும் சொல்லவில்லை.

கூடுதல் செலவுக்கு வளைவுக்கு ஓர் உபயம் என்று வைத்தோம். பல் மருத்துவர் குடும்பம், டாக்சி ஓட்டும் தம்பிகள் இருவர், பல்கலைக்கழகப் பிள்ளைகள், இடியாப்பம் விற்றுக் காசு சேர்த்த அக்காமார், பெயர் போட வேண்டாம் என்ற பெரியவர். லம்ஸ்டன் ஊர்ப் பக்கம் ஓடை குவாப்பெல் ஆற்றில் சேரும் இடத்துக்கு மட்டும் மூன்று பேர் போட்டி. சீட்டுக் குலுக்கிப் பலசரக்குக் கடைக்காரருக்குக் கொடுத்தோம்.

கடைசியாக, இந்த மண்ணின் பூர்வகுடிகளான க்ரீ மக்களின் மொழியில் ஓடையின் பெயர். 'ஒஸ்கனா' என்றால் எலும்புகள். காட்டெருமை எலும்பைக் குவித்துவைத்த இடம் என்பதிலிருந்து வந்ததுதான் வஸ்கானா. கல்யாணம் நடக்கிற மண்டபத்தில் எலும்பு என்று எழுதலாமா என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எழுதிவிட்டோம். அந்த ஒரு வரிக்கு உபயதாரர் யாரும் முன்வராததால், அது என் கணக்கில்.