கூரியர் காசையும் சேர்த்துக் கொடுத்துவிடு

ராயபுரம்,
சென்னை 13.

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை, ஆனாலும் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்குவதை மட்டும் விடமாட்டேன் என்கிறார். பெரியவன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். நான் அதே எம்.சி. ரோடு துணிக்கடையில், பார்சல் கட்டுகிற பிரிவில்தான் இருக்கிறேன்.

நீ மதுரையிலிருந்து கூரியரில் அனுப்பிய சேலை வந்து சேரவில்லை என்று சொன்ன அந்தப் பெண்ணை, நீ கேட்டுக்கொண்டபடி ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டைக்குப் போய்ப் பார்த்தேன். சேலையை வாங்கி வைத்துக்கொண்டு வரவில்லை என்கிறாளோ என்று எழுதியிருந்தாயே, அந்தச் சந்தேகத்தை விட்டுவிடு. அவள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கதவு எண் இருக்கிறது. சுவரில் பெயின்டால் எழுதிய பழைய எண், பக்கத்திலேயே தகரத்தில் அடித்த புது எண். இவள் வீடு புது எண் 18. எதிர் வரிசையில் கொஞ்சம் தள்ளி பழைய எண் 18 என்று வேறொரு வீடு. அவள் உனக்கு அனுப்பிய முகவரியில் இரண்டு எண்ணும் இருக்கிறது, போனில் காட்டினாள். கூரியர் ஆபீசில் அடித்து ஒட்டிய சீட்டில்தான் வெறும் 18 என்று விழுந்திருக்கிறது.

அந்த எதிர் வீட்டுக்கும் போனேன். மூன்று மாடி, மாடிக்கு இரண்டு குடித்தனம். ஏதோ ஒரு பை படிக்கட்டில் கிடந்ததாக மேல்மாடி அம்மா சொன்னார், அப்புறம் யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லையாம். நீ அனுப்பிய பி.ஓ.டி. (பார்சலை ஒப்படைத்ததற்கான அத்தாட்சி) போட்டோவில் இருக்கும் கையெழுத்து வெறும் கிறுக்கல். ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று கூரியர்காரர்கள் காட்டுவது இந்தக் கிறுக்கலை வைத்துத்தான்.

கிளம்பும்போது அவள் தயங்கித் தயங்கி, “சேலைக் காசு வந்துடுச்சுக்கா, கூரியர் காசு 110 ரூபா மட்டும் தரமாட்டேன்னு சொல்லிட்டாங்க” என்றாள். எனக்கு அங்கே நிற்கவே சங்கடமாகிவிட்டது, மீனா.

அந்த 110 ரூபாய் உன் கையில் தங்கவில்லை, கூரியர்காரனிடம் போய்விட்டது என்று நீ எழுதியிருப்பது புரிகிறது. ஆனால் அவள் அந்தப் பணத்தைக் கொடுத்தது சேலை அவள் வீட்டுக்கு வந்து சேர்வதற்காக. சேரவில்லை. எந்தக் கூரியர் என்று முடிவு செய்தது நீ, ரசீது உன் பெயரில், பார்சலைத் தேட உதவும் டாக்கெட் நம்பர் உன்னிடம். நஷ்டஈடு கேட்டு அவர்கள் ஆபீசில் போய் நிற்க உனக்குத்தான் வழி இருக்கிறது. அவள் போனால் “புக் பண்ணவங்களை வரச் சொல்லுங்க” என்பார்கள். கேட்கவே வழியில்லாத ஆளின் தலையில் அந்த நஷ்டத்தைக் கட்டுவது சரியில்லை.

கூரியரிடம் கொடுத்ததோடு உன் பொறுப்பு முடிந்தது என்று உன் மைத்துனர் சொன்ன சட்டத்தைப் பற்றி எங்கள் கடை ஆடிட்டரிடம் கேட்டேன். 1930ஆம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டம், 39ஆம் பிரிவு. சரக்கைக் கொண்டுபோகிறவரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் கொடுத்ததாகக் கொள்ளலாம் என்று அதில் இருப்பது நிஜம். ஆனால் அதே பிரிவில் அடுத்த உட்பிரிவையும் படிக்கச் சொல். சரக்கின் தன்மைக்கு ஏற்றபடி, கொண்டுபோகிறவரிடம் நியாயமான ஏற்பாடு செய்து அனுப்ப வேண்டியது விற்கிறவர் பொறுப்பு. அப்படிச் செய்யாமல் பொருள் தொலைந்தால், எனக்கு வந்ததாக ஏற்க மாட்டேன் என்று வாங்குகிறவர் சொல்லலாம். உன் ரசீதில் பொருளின் மதிப்பு எழுதும் கட்டமே காலியாக இருக்கிறது, அதை எப்படி நியாயமான ஏற்பாடு என்பது? அதுவும் போக, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவள் மதுரைக்கு வர வேண்டியதில்லை, தான் குடியிருக்கும் சென்னையிலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருள் என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. அவள் அப்படியெல்லாம் போகிறவள் இல்லை. போகமாட்டாள் என்பதற்காக நாம் கொடுக்காமல் இருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

எங்கள் கடையில் பார்சல் தொலைந்தது உறுதியானால் முழுப் பணமும் வாங்கினவருக்கே திரும்பப் போய்விடும், அப்புறம்தான் கூரியரோடு சண்டை. வந்த பார்சலில் ஒரு உருப்படி மட்டும் குறைந்தால் அதை எங்கள் செலவில் மறுபடி அனுப்புவோம், இல்லையென்றால் அதன் விலையோடு அதன் எடைக்கான கூரியர் கூலியையும் திருப்பித் தருவோம். வாங்கினவரே முகவரியைத் தப்பாகக் கொடுத்து, பார்சல் எங்களிடமே திரும்பி வந்தால் மட்டும் அனுப்பிய கூலியைத் தருவதில்லை. அது வேறு கதை.

நீ இப்போது செய்ய வேண்டியது, கூரியர் ஆபீசுக்கு எழுத்தில் ஒரு புகார். போனில் பேசினால் நிற்காது. முகவரி வந்த மெசேஜ், அவர்கள் ஒட்டிய சீட்டின் போட்டோ, ரசீது, சேலை பில் எல்லாவற்றின் நகலையும் வைத்துக் கொடு. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில், தொலைந்தால் இவ்வளவுதான் தருவோம் என்று போட்டிருப்பார்கள், அதைக் காட்டி உன்னைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். முகவரியைச் சுருக்கியது அவர்கள் ஆள் என்பதை முதல் வரியிலேயே எழுது. மசியவில்லை என்றால் 1915க்குப் போன் போட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேள்.

இனி விலை கூடின சேலைகளைத் தபாலில் ஸ்பீடு போஸ்டில் போடுவது என்றால் இன்ஷூரன்ஸ் சேர்த்தே போடு. சும்மா போட்டால், தொலைந்தாலும் கிடைப்பது கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், எது குறைவோ அதுதான். பதிவுத் தபாலையும் 2025 அக்டோபரிலிருந்து ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். சென்னை முகவரி என்றால் பழைய எண், புது எண், எந்த மாடி எல்லாவற்றையும் மார்க்கரில் நீயே பார்சல் மேல் எழுதிவிடு, அவர்கள் சீட்டை நம்பாதே.

அந்தப் பெண்ணின் ஜிபே நம்பர் உன்னிடம் இருக்கிறதே, கடிதம் கிடைத்த அன்றே 110 ரூபாயை அனுப்பிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல். நாத்தனாரைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, நான் கடையில் லீவு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
கலா