ஓசி கட்டிங்கின் கணக்கு

ஆசிரியருக்கு,

தொண்டி முதல் சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் விபத்து என்றால் ‘ராத்திரி போதை’ என்று பேசி முடித்துவிடுகிறோம். விடிந்த பிறகும் இறங்காத போதையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

டாஸ்மாக்கில் தள்ளுபடி கிடையாது. ஆனால் காரைக்கால் சரக்கின் விலையும், ‘ஒன்று வாங்கினால் ஒன்று’ பார் சலுகையும் ரீல்ஸாகப் பையன்களின் கைக்கு வந்துவிடுகின்றன. மதுப் பெயரில் சோடா விற்கும் மறைமுக விளம்பரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே தடை செய்தது. தடை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சலுகைகள் கூட்டுவது குடிக்கும் அளவை. ஒரு குவாட்டர் 180 மி.லி.; 42.8 சதவீதம் என்றால் அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு, 100 மி.லி. ரத்தத்தில் ஏறக்குறைய 150 மி.கி. வரை ஏறும். வண்டி ஓட்டச் சட்டம் விடுவது 30 வரைதான். கல்லீரலோ மணிக்குச் சுமார் 15 மி.கி.தான் குறைக்கும். இரவு 10 மணிக்குக் குடித்தவர் வரம்புக்குள் வரக் காலை 6 ஆகிவிடும். ஓசியில் ஒரு கட்டிங் (90 மி.லி.) சேர்ந்தால் இன்னும் 5 மணி நேரம், அதாவது பகல் 11. மோர், எலுமிச்சை, தலைக்குக் குளியல் எதற்கும் கல்லீரல் அசையாது. ‘பீர்தானே’ என்பவர்களுக்கு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மி.லி. பாட்டிலில் 40 கிராம். குவாட்டரில் மூன்றில் இரண்டு பங்கு!

நம் கரையில் அதிகாலைதான் வேலை நேரம். மீன் ஏலத்துக்கு விரையும் பைக்குகள், ஐஸ் வண்டிகள், சாலையில் படுத்திருக்கும் மாடுகள். 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடிக்க அரை நொடி தாமதித்தால் வண்டி 8 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். சீமைக்கருவேலம் மறைத்த வளைவிலும், மணல் ஏறிய அரிச்சல்முனைச் சாலையிலும் அந்த 8 மீட்டருக்கு எங்கே போவது?

இரவில் ஊர் முக்கில் நின்று ஊதச் சொன்னால், தெரிந்தவன் சந்து வழியே போய்விடுவான். காலை 5 முதல் 8 வரை மீன் இறங்குதளச் சாலைகளிலும் சோதனை வேண்டும். ஊதுகுழாயை ஆளுக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். குடித்த 15 நிமிடத்துக்குள் ஊதினால் வாயில் தங்கிய மதுவே அளவைக் கூட்டிக் காட்டும். சற்றுப் பொறுத்து மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கோர்ட்டில் வழக்கு நிற்காமல் போகலாம்.

முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் பலருக்குத் தெரியும். போதை உறுதியானால் சொந்த வண்டிச் சேதத்துக்குக் காப்பீட்டுப் பணம் வராது என்பதைக் கடன் போட்டு பைக் வாங்கித் தரும் பெற்றோருக்கு ஷோரூமிலேயே சொல்லலாம்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது. முதல் மீன்பாட்டுக் காசு கையில் புழங்கும் அந்த வாரத்திலிருந்தே காலைச் சோதனையைத் தொடங்கும்படி மாவட்டக் காவல்துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலோர ஊர் வாசகர்கள்,
தேவிபட்டினம்