டிக்கெட் மறுவிற்பனை, அடையாள அட்டை: மும்பை உறுப்பினர்கள் கவனத்துக்கு

வணக்கம். வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு கேட்டு நேற்று இந்தக் குழுவில் வந்த நிகழ்ச்சி டிக்கெட் விளம்பரத்தை நீக்கிவிட்டோம். வாங்கிய விலைக்கு மேல் ஒரு ரூபாய் வைத்தும் இந்தக் குழுவில் யாரும் விற்கக் கூடாது.

2024 செப்டம்பரில் கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் நவி மும்பை நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்றபோது நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2,500 ரூபாயில் தொடங்கிய டிக்கெட்டுகள் சட்டென்று தீர்ந்தன. வேறு தளங்களில் லட்சக்கணக்கில் விலை பேசினார்கள். அமலாக்கத் துறை மும்பை, டெல்லி, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் சோதனை நடத்தியது. இது குறித்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கு 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. இந்த நிலையில், வாசலில் அடையாள அட்டை கேட்பதைத் தொல்லை என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கள்ளச் சந்தைக்காரன் அஞ்சுவது அந்த அட்டைச் சோதனைக்குத்தான்.

ஒரே கியூஆர் குறியீட்டைப் படமெடுத்து நான்கு பேரிடம் விற்றுவிடுகிறார்கள். முதலில் வந்தவர் உள்ளே போய்விடுவார். மற்ற மூவருக்கும் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று கருவி காட்டும். காசு கொடுத்த பிள்ளைகள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

பதிவு செய்தவரின் அசல் அட்டையைக் கேட்கும் நிகழ்ச்சிகள் உண்டு. டிக்கெட்டில் உள்ள விதிகளை முதலில் படியுங்கள். நம்மவர்களுக்கு இனிஷியல் ஒரு சிக்கல்: பலருக்கு ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும், டிக்கெட்டில் ஒற்றை எழுத்துதான் இருக்கும். ஆதாரில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள்.

பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.