நடைமேடையில் என் தம்பியோடு இருந்தவருக்கு

செவ்வாய்க்கிழமை மாலை ரயில் நடைமேடையில் என் தம்பிக்கு வலிப்பு வந்தபோது ஓடி வந்தவர் நீங்கள். பெயர் சொல்லாமலே ரயிலேறிப் போய்விட்டீர்கள், அதனால்தான் இந்தப் பதிவு.

சுற்றி நின்றவர்கள் எல்லோருமே நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஒருவர் கை கால்களை அமுக்கிப் பிடிக்கப் பார்த்தார், இன்னொருவர் பல்லுக்கு நடுவே கரண்டி வைக்கச் சொன்னார். (ரயில் நிலையத்தில் கரண்டிக்கு எங்கே போவது என்று இப்போது சிரிப்பு வருகிறது.) நீங்கள் மட்டும் குரலை உயர்த்தி, "யாரும் பிடிக்காதீங்க, வாயில எதையும் வைக்காதீங்க" என்றீர்கள். அத்தனை பேரை எதிர்த்துப் பேச ஒரு தைரியம் வேண்டும். பெட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸ் என்று என்னிடம் சொன்னீர்கள். அதற்குள் உதறல் நின்றது. ஒருக்களித்துப் படுக்க வைத்தீர்கள், எச்சில் வெளியே வழிந்து மூச்சு சீரானது.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்ததுதான். கூட்டம் கலைந்துவிட்டது. அவனுக்கு இடம் புரியவில்லை, என்னையே யாரென்று கேட்டான். நீங்கள் அவசரப்படுத்தாமல், தண்ணீர்கூடக் கொடுக்க விடாமல், அவன் முழுதாகத் தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் ஏற வேண்டிய ரயில் போனதைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி இப்போது நலம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றியிருக்கிறார். அவன் தலைக்கு அடியில் நீங்கள் மடித்து வைத்த சாம்பல் நிற ஸ்வெட்டர் எங்களிடம் இருக்கிறது. இதைப் படித்தால் ஒரு செய்தி அனுப்புங்கள், அவனே கொண்டு வந்து தருவதாகச் சொல்கிறான்.